மலையேறிய அட்டைப்பெட்டி

"பம்பு அடிக்கவே மூச்சு வாங்குது. இவ மலை ஏறப் போறாளாம்ல" என்றார் அப்பா.

ஷார்ஜாவின் முவைலா பகுதியில் நான் தங்கியிருக்கும் கட்டடத்தின் கீழே, சைக்கிளின் முன்சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கியது உண்மைதான். அதற்காக அதைச் சொல்லிக் காட்ட வேண்டுமா?

அப்பா ஷார்ஜாவில் கொத்தனார். தொழிலாளர் கேம்பில் எட்டுப் பேர் உள்ள ரூமில் இருக்கிறார். நான் அதே ஊரில் ஒரு கான்கிரீட் சோதனைக்கூடத்தில் இன்ஜினியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவேன். டாக்ஸி டிரைவர்களுக்குக்கூடத் தெரியும்.

சோதனைக்கூடத்தின் தலைவி, எங்கள் மேடம், ஸ்பெயினின் வடக்கில் உள்ள பாஸ்க் மலைநாட்டுக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியும் சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். ஆண்டுக்கு ஒருமுறை இங்கிருந்து ஆறு பேரைத் தன் ஊருக்கு அழைத்துப் போய், லாரியும் ஹாரனும் இல்லாத மலைச்சாலைகளில் பத்து நாள் சைக்கிளில் சுற்றிவருவார். பச்சை மலை, ஆட்டு மந்தை, ஊருக்கு ஒரு பாலாடைக்கட்டி என்று அவர் படம் காட்டும்போதெல்லாம் என் சோற்று டப்பா திறக்காமலே ஆறிப்போகும். இந்த ஆண்டு ஒரு இடம் காலி என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கை தூக்கிவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மசாஃபி பக்கத்து மலையைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரை வரை ஒரு சோதனை ஓட்டம். அவரவர் சுமை அவரவர் சைக்கிளில். பின்னால் ஒரு வேன் வரும். அதில் ஏறினால் இடம் போய்விடும்.

இதை நான் அப்பாவிடமும், அவர் ரூமில் இருக்கும் தொண்டிப் பக்கத்துச் சித்தப்பாவிடமும் சொன்னதுதான் முதல் தப்பு. சித்தப்பா சொந்தச் சித்தப்பா இல்லை. ஆனால் அந்தக் கேம்பில் யார் லீவில் ஊருக்குப் போனாலும் பெட்டி கட்டுவது அவர்தான். அட்டைப்பெட்டிக்கு மஞ்சள் நைலான் கயிற்றில் அவர் போடும் முடிச்சை ஊரில் அரிவாளால்தான் அறுக்க முடியும் என்பது அவருக்குப் பெருமை.

"கேரியர்ல என்னமோ எழுதியிருக்கே, என்ன தாயி?" என்று கேட்டார், நான் காற்றடிப்பதைப் பார்க்க அப்பாவோடு வந்திருந்த சித்தப்பா.

படித்தவள் இல்லையா? குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, வாசித்துக் காட்டினேன்: "அதிகபட்சம் இருபத்தஞ்சு கிலோ."

சித்தப்பாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை. வளைகுடாவில் பல வருடம் இருந்தவர்களுக்கு எடை வரம்பு என்பது எச்சரிக்கை இல்லை, உரிமை. முப்பது கிலோ கொண்டுபோகலாம் என்று விமானக்காரன் சொன்னால் இருபத்தெட்டோடு போகிறவன் ஏமாளி. மிச்சம் இரண்டு கிலோவுக்குச் சோப்பாவது வைக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை மலையடிவாரத்தில் எல்லோரும் தயாராக நின்றோம். மற்ற ஐந்து பேரின் சைக்கிளிலும் தலையணை அளவில் ஆளுக்கொரு பை. வேன் வந்து நின்றது. முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு அப்பா. பின்கதவைத் திறந்தால் சித்தப்பா ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

பால்பவுடர் வந்த பெட்டி. குறுக்கும் நெடுக்கும் மஞ்சள் கயிறு. ஆறு பக்கமும் கறுப்பு மார்க்கரில் என் பெயர், அப்பா பெயர், ஊர், தாலுகா, பின்கோடு.

"இதுக்கு எதுக்கு அட்ரஸ்?"

"நீ வழியில நின்னாலும் பெட்டி வீடு போய்ச் சேர்ந்துரும்ல" என்றார் சித்தப்பா.

"கரெக்டா இருபத்தஞ்சு கிலோ ஆத்தா. ஒன்றரைக் கிலோ கொறஞ்சிச்சு, மூணு தேங்கா வச்சு சரிக்கட்டியாச்சு" என்றார் அப்பா.

நான் மறுப்பதற்குள் இரண்டு பேரும் பெட்டியைக் கேரியரில் ஏற்றி, அதற்கு மேல் இன்னும் எட்டு முழம் கயிறு சுற்றினார்கள். மேடம் சுற்றிவந்து பார்த்தார்.

"இவ்வளவும் தேவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் கேள்வி தெரியும். "எல்லாம் தேவைதான் மேடம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அந்த நெஞ்சு அடுத்த அரைமணி நேரத்தில் ஹேண்டில்பாரில் கவிழ்ந்து கிடந்தது.

சமதளத்தில் சமாளித்தேன். முதல் ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்த்தது. பெட்டி பின்னால் உட்கார்ந்துகொண்டு, நீ வேண்டுமானால் போ, நான் வரவில்லை என்றது. இறங்கித் தள்ளினேன். தள்ளினால் இரண்டடி ஏறும், ஓரடி இறங்கும். வளைவில் ஒரு கழுதை நின்று என்னைப் பார்த்தது. சக ஊழியரைப் பார்க்கிற பார்வை.

மற்றவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். மேடம் மட்டும் மேலே ஒரு வளைவில் காத்திருந்தார். வேன் என் பின்னால் மாட்டுவண்டி வேகத்தில் வந்தது. பட்டாணியரான டிரைவர் தலையை நீட்டி, "பேட்டி, பைட்டோ! காடி காலி ஹை" என்றார். உட்கார் மகளே, வண்டி காலிதான் என்று உபசாரம்.

"ஏறிக்கோ ஆத்தா" என்றார் அப்பாவும். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"ஏறினா இடம் போயிரும்ப்பா."

"அப்ப பெட்டிய மட்டும் இங்குட்டு ஏத்து."

"அதுவும் கூடாது."

"எவன் சொன்னான்?"

எவன் சொன்னான் என்று காட்டுவதற்காகவே சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த விதித்தாளை எடுத்து, தமிழாக்கிச் சத்தமாக வாசித்தேன். "புறப்படும்போது உள்ள சுமையை வேனில் ஏற்றக் கூடாது. சாலையோரம் விட்டுப்போகக் கூடாது." அடுத்த வரியைத் தேடினேன். அடுத்த வரி இல்லை. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் காலி.

"அப்பா, வேன்லதான் ஏத்தக் கூடாது. வயித்துல ஏத்தலாம்."

அப்பா அதைக் கேட்டதும் வேனைவிட்டு இறங்கி வேட்டி மடிப்பதுபோல் பேண்ட்டை மடித்துவிட்டார்.

ஆனால் பெட்டியைத் திறப்பது எப்படி? யாரிடமும் கத்தி இல்லை. சித்தப்பா தன் முடிச்சைத் தானே பல்லால் கடித்தார். "நான் கட்டுன முடிச்சு, எனக்கே அவுற மாட்டேங்குது பாரு" என்று வாயில் கயிற்றோடு அவர் சொன்னதில் வருத்தமே இல்லை. கடைசியில் டிரைவர் சிகரெட் லைட்டரால் கயிற்றைச் சுட்டு அறுத்தார்.

உள்ளே கம்பளிப் போர்வை ஒன்று. தலைவலித் தைலம் ஆறு. சோப்பு பன்னிரண்டு. கைமுறுக்கு இரண்டு டின். எங்கள் ஏழு பேருக்கும் இன்னொரு ஏழு பேருக்கும் காணும் புளியோதரை. கிலோ கணக்கில் பேரீச்சம்பழம். எலுமிச்சை ஊறுகாய்.

"பாஸ்க் ஊருக்குப் போனா சொந்தக்காரவுகளுக்குக் குடுக்க வேணாமா?" என்றார் சித்தப்பா, சோப்பைப் பார்த்து.

"அங்க நமக்கு யாரு சித்தப்பா சொந்தம்?"

"குடுத்தா சொந்தம் ஆயிர்றாக."

அப்பா முதல் தேங்காயைச் சைக்கிளுக்குச் சுற்றிக்காட்டிச் சாலையில் உடைத்தார். அரைக் கிலோ குறைந்தது. சத்தம் கேட்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று மேடம் பதறி இறங்கிவந்தார். அவர் கையில் புளியோதரையைக் கொடுத்தோம். "இது விதிமீறலா?" என்று கேட்டேன். அவர் வாய் நிறையச் சோற்றோடு தாளை இருமுறை படித்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம் ஊறுகாய் கேட்டார்.

அதன்பிறகு அந்த மலைச்சாலையில் எதிர்ப்பட்ட யாரும் தப்பவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வங்காளிப் பெரியவருக்குப் போர்வையும் பேரீச்சம்பழமும். தடுப்புச்சுவர் கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்குப் புளியோதரை, முறுக்கு, ஆளுக்கொரு சோப்பு. அவர்களில் ஒருவர் விருத்தாசலத்துக்காரர். சோப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "கம்பெனி விளம்பரமாம்மா?" என்று கேட்டார். பின்னாலேயே வந்துவிட்ட கழுதைக்கு இரண்டாவது தேங்காய். அது தைலத்தையும் முகர்ந்து பார்த்தது.

ஒவ்வொரு வளைவிலும் பெட்டி இளைத்தது. உச்சிக்கு நான்கு வளைவு இருக்கும்போது சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். மிதித்தேன். நின்றுபோகும் என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை. அப்பா வேனின் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டு, "மிதி ஆத்தா! மிதி! யல்லா!" என்று கத்திக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

உச்சியில் தூரத்துக் கடல் தெரிந்தது. இறக்கம் முழுக்கக் காலிப் பெட்டி காற்றில் டம்டம் என்று அடித்துக்கொண்டே வந்தது, கல்யாண ஊர்வலம்போல. மற்றவர்கள் வந்து குளித்துச் சாப்பிட்டு ஒரு தூக்கமும் போட்ட பிறகு கடற்கரையில் போய்ச் சேர்ந்தேன். பெட்டியில் ஒரு தேங்காயும் என் முழு முகவரியும் மிச்சம். மேடம் பட்டியலில் என் பெயருக்கு நேரே டிக் அடித்தார். அப்பா அந்த டிக்கைத் தன் போனில் மூன்று படம் எடுத்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் டிக் தெரியும்.

லீவு கையெழுத்தாகிவிட்டது. விசாவும் வந்துவிட்டது. சைக்கிளை முன்கூட்டியே கார்கோவில் அனுப்ப வேண்டும், அதுவும் அட்டைப்பெட்டியில் என்று தெரிந்தபோது கேம்பே திரண்டு வந்தது. இந்த முறை நான்தான் கட்டினேன். சித்தப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு, ஆறு பக்கமும் பாஸ்க் ஊர் முகவரி, என் கையெழுத்தில். மலையில் பட்ட பாடு மறக்கவில்லை. அதனால் ஒரு நல்ல கத்தரிக்கோலும் வைத்தேன். நேற்று கார்கோவில் கொடுத்து ரசீதும் வாங்கிவிட்டோம்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அப்பா கேட்டார்: "அங்க போயி கயித்த அறுக்க என்னா செய்வ?"

"கத்தரிக்கோல் இருக்குப்பா. பத்திரமா பெட்டிக்குள்ள வச்சுத்தான் கட்டியிருக்கேன்."