மரப்பிடி வாள்

இத்தாலியின் பலெர்மோ நகரத்து ஒரேத்தோப் பகுதியில் நகுலேஸ்வரனைப் பைத்தியம் என்று சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும். மற்றவர்கள் ஜப்பானியப் போர் வாள்களைத் தேடி வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். இந்த மனிதர் தேடி வாங்கித் துண்டு துண்டாக அறுப்பார். அதே நகரத்துப் போர்கோ வெக்கியோவில் இரும்புக் கேற் செய்யும் பட்டறையில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை அது பூட்டியிருக்கும், திறப்பு அவரிடம் இருக்கும். வாளை இடுக்கியில் இறுக்கி, கிறைண்டரைப் போட்டு, தீப்பொறி முகத்தில் தெறிக்கத் தெறிக்க, வாயில் வந்த தூசணமெல்லாம் சொல்லி அறுப்பார். அப்படி ஒன்றை அறுத்து முடித்தால்தான் அந்தக் கிழமை அவருக்கு ஒழுங்காக நித்திரை வரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அவருடைய தகப்பன் கோபாலசிங்கம். கோபாலசிங்கத்தின் தகப்பன் மலாயாவில் ஒரு றப்பர் தோட்டத்துக் கிராணி. தொழிலாளிகளை வேலைக்கு விட்டு மேய்க்கும் அந்த உத்தியோகத்துக்கு யாழ்ப்பாணத்தார் கப்பலேறிப் போன காலம் அது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த முதல் வருடமே, சயாமில் ரயில் பாதை போட ஆள் தா என்று கேட்டானாம். கிராணி மறுத்தாராம். முற்றத்தில் முழந்தாளில் இருத்தித் தலையை வெட்டினானாம். சின்னப் பெடியனாக இருந்த கோபாலசிங்கம் பார்த்துக்கொண்டு நின்றாராம். இதுதான் வீட்டுக் கதை.

அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே கோபாலசிங்கம் மகனை அடித்தார். சோறு சிந்தினால் பெல்ட். கணக்குப் பிழைத்தால் பெல்ட்.

"உன்ரை பாட்டன் தலையையே குடுத்தவர். நீ உதுக்கு அழுறியோ?" என்று கேட்டு இன்னும் இரண்டு போடுவார்.

ஒருமுறை கன்னத்தில் விட்ட அறையில் நகுலேஸ்வரனின் இடது காது கேளாமல் போனது. வாலிப வயதில் பலெர்மோவுக்கு வந்து இறங்கியபோது, இலங்கைப் போரிலிருந்து தப்பியதைவிட அந்தக் கையிலிருந்து தப்பியதுதான் அவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அந்தக் கை அவருடைய தோளிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மகன் அனுசன் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, எதிர்த்துக் கதைத்தான் என்று அடித்த அடியில் பிள்ளையின் உதடு கிழிந்து இரத்தம் சட்டையில் வழிந்தது. மனைவி சந்திரமதி நடுவில் வந்து நின்றாள்.

"இன்னொருக்கா இவனிலை கை வைச்சீங்களெண்டால், நான் பிள்ளையோடை குவெஸ்தூராப் பொலிஸிலைதான் நிப்பன்" என்றாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். அன்றைக்கு வெளியே இறங்கி நடந்தவருக்கு மக்வேதா வீதியின் பக்கத்துச் சந்தொன்றில், பழம்பொருள் கடைக் கண்ணாடிக்குள் ஒரு ஜப்பானிய வாள் தெரிந்தது. வாங்கினார், அறுத்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் கை ஓங்கவில்லை. எனக்கென்றால் அந்த மருந்தில் ஒரு பிழையும் தெரியவில்லை.

முதலில் கண்டதையெல்லாம் வாங்கினார். ஒருநாள் அறுக்க அறுக்க இரும்பு வெண்ணெய்போலப் போனது. பார்த்தால் அண்மையில் எங்கோ அடித்த போலி. மனிதருக்கு வெட்கக்கேடாகிவிட்டது. போலியை அறுத்தால் யாரைப் பழிவாங்கினதாகும்? அன்றிலிருந்து அசல் எது, போலி எது என்று கரைத்துக் குடித்தார். அதிகாரியின் வாளென்றால் பிடியில் இருக்கும் மூங்கில் ஆப்பைத் தட்டிக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் இரும்பைப் பார்ப்பார். அது கறுத்து ஊறிய பழைய துரு பிடித்திருக்க வேண்டும். விரலில் செம்மஞ்சளாக ஒட்டினால் திராவகம் ஊற்றிப் பழசாக்கியது. அதிகாரிக்குக் கீழே உள்ளவனின் வாள் தொழிற்சாலைச் சரக்கு. அலகில் ஓர் எண் பொறித்திருக்கும், உறையிலும் அதே எண் வேண்டும். பிடி முதலில் செம்பு, பிறகு அலுமினியம். இரண்டுக்கும் தட்டுப்பாடு வந்த கடைசிக் காலத்தில்தான் மரம். சந்தையில் ஒருவன் இதெல்லாம் தெரியாமல், "இது எத்தனை தலை பார்த்ததோ" என்று சிரித்து வாளைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினான். நகுலேஸ்வரன் குத்திய குத்தில் அவனுடைய மூக்கு உடைந்தது. பொலிஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

தாய் செத்த பிறகு தகப்பனையும் பலெர்மோவுக்கு எடுப்பித்தார். கண் முக்கால்வாசி போன கிழவர். மகன் வாள் அறுப்பதைக் கேள்விப்பட்டதும் பிடித்துக்கொண்டார்.

"உதுகள் ஒண்டும் அது இல்லை. ஐயாவை வெட்டினது மரப்பிடி. சதுரம் சதுரமாய்க் கோடு வெட்டியிருக்கும். நான் சாக முதல் அதை என்ரை முன்னாலை உடை. உன்னைப் பெத்ததுக்கு எனக்கு அது காணும்."

பெற்றதற்குக் காணும், அதுவே போதும் என்று அந்த வாயால் ஒரு சொல்! நகுலேஸ்வரனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு விஷயம் மட்டும் இடித்தது. மரப்பிடி போர் முடிகிற காலத்தில் வந்தது. பாட்டனாரை வெட்டியதோ ஜப்பான்காரன் வந்த முதல் வருடம். பிள்ளை வயதில் பார்த்தவருக்கு வருடம் மாறியிருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு தேடினார். கிழவருக்கோ சாப்பாடு இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. மரப்பிடி, குறுக்கும் நெடுக்கும் கோடு. துரு ஏறி உறையோடு இறுகிவிட்டது, திறக்க வராது என்றான் விற்றவன். உறையிலிருந்த எண்ணையும் பிடியின் வேலைப்பாட்டையும் பார்த்ததுமே அசல் என்று நகுலேஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது. நேரே வீட்டுக்குப் போய்த் தகப்பனைக் காரில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு வந்து, கதிரையில் இருத்தி, வாளை மடியில் வைத்தார்.

"அப்பா, கொண்டு வந்திட்டன்."

கிழவர் பிடியைத் தடவினார். கோடுகளில் விரல் ஓடியது. பிறகு பெருவிரல் பிடியின் ஓரத்துக்குப் போய், அங்கிருந்த சின்னக் குமிழை அமத்தியது. வாள் உறையைவிட்டுச் சுகமாக வெளியே வந்தது.

நகுலேஸ்வரன் அந்தப் பெருவிரலையே பார்த்தார். அந்தக் குமிழை அமத்தாமல் இந்த வகை வாள் வராது. வாளை விற்றவனுக்கே தெரியாத விஷயம். எட்ட நின்று பார்த்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

"அப்பா, நீங்கள் இப்பிடி ஒண்டைக் கையிலை வைச்சிருந்திருக்கிறியள்."

கிழவரின் பெருவிரல் குமிழை விடவில்லை.

"ஐயா மறுக்கேல்லையடா" என்றார். "தொழிலாளியள் இருந்த லயம் லயமாய்ப் போய் ஆளைக் காட்டினவர். பிடிச்சுக்கொண்டு போனதிலை பாதிப்பேர் சயாமிலையே செத்துப்போச்சினம். சண்டையிலை தோத்துப் போகேக்கை ஒரு ஜப்பான்காரன் உந்த மாதிரி ஒரு வாளை எங்கடை வீட்டிலை விட்டிட்டுப் போனவன். ஐயா கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சவர். நான் களவாய் எடுத்து விளையாடுவன்."

"பிறகு?"

"சயாமிலையிருந்து மிஞ்சி வந்தவங்கள் வந்தாங்கள். எலும்பும் தோலும். எங்கடை ஆக்கள்தான், தமிழ் ஆக்கள். ஐயாவை முற்றத்திலை அமத்திப் பிடிச்சுக்கொண்டு, தம்பி, அந்த வாள் எங்கே எண்டு கேட்டாங்கள். நான் ஓடிப்போய் எடுத்து வந்தன். இழுத்து இழுத்துப் பாத்தாங்கள், வரேல்லை. நான்தான் குமிழை அமத்திக் காட்டினனான். முதல் வெட்டு தோளிலை விழுந்தது. ஐயா அவங்களைப் பாக்கேல்லை. என்னைத்தான் பாத்தவர்."

நகுலேஸ்வரன் இத்தனை வருடமாக யாரை அறுத்தார்? இந்தப் பொய்க்காகவா பெல்ட், இந்தப் பொய்க்காகவா காது? வாழ்நாளில் முதல் தடவையாகத் தகப்பனுக்கு மேலே அவருடைய கை ஓங்கியது. கிழவருக்கு அது தெரியவில்லை. பெருவிரலால் குமிழை அமத்துவதும் விடுவதுமாக இருந்தார். அடித்தால் அந்த அடி ஒரு சின்னப் பெடியனில்தான் விழும் என்று மகனுக்குப் பட்டது.

ஓங்கிய கையால் வாளை வாங்கி இடுக்கியில் இறுக்கினார். கிறைண்டர் அலறியது. வழக்கமாக வருகிற தூசணம் ஒன்றும் அன்றைக்கு வாயில் வரவில்லை. அலகு துண்டு துண்டாகக் கழன்று சீமெந்தில் விழுந்தது, ஒவ்வொன்றுக்கும் கிழவர் குலுங்கினார். பிடியையும் நீளப்பாட்டுக்குப் பிளந்து எறிந்த பிறகுதான் மகன் நிறுத்தினார்.

கிழவர் காற்றில் துழாவி மகனின் சட்டையை எட்டிப் பிடித்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"ஐயாவிட்டைச் சொல்லிப்போடாதை" என்றார், வாளைக் களவாய் எடுத்த பெடியன்போல.

நகுலேஸ்வரன் சீமெந்தில் குந்தி, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.

"சொல்லமாட்டன்" என்றார்.