சாகுல் கோடு

கம்பத்திலிருந்து சாகுலின் தம்பி போன் செய்தபோது நான் பழனிசெட்டிபட்டி அலுவலகத்தில் இருந்தேன். “எங்கண்ணன் மௌத்தாயிட்டாக. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாக, அம்புட்டுத்தான்” என்றான். அழுகைக்கு முன் எனக்கு வந்த எண்ணம், இதிலும் முந்திக்கொண்டானே பாவி என்பதுதான். அவனுக்கான இந்த அஞ்சலியில், அவனை அறிந்த உங்களிடம் மறைப்பானேன்? ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை.

நானும் சாகுலும் ஒரே அலுவலகத்தில் இருந்தபோது, போடியில் ஒரு ஏலக்காய்க் கிடங்குக்கு எடை புரோகிராம் எழுதினோம். கரண்ட் போனால் கடைசியாக எடைபோட்ட மூட்டைகள் பதிவில் இருக்காது. அதனால் எடைகள் நடுவில் கம்ப்யூட்டரின் மெமரியில் தேங்காமல் நேராக டிஸ்க்கில் எழுத வேண்டும். சரியாக முடிப்பவருக்கே கிடங்குக் கம்ப்யூட்டரின் பொறுப்பு என்று முதலாளி சொல்லியிருந்தார். மூத்தவன் நான், எனக்கு அது வேண்டும். நான் எழுதியதையோ கம்ப்யூட்டரை நடத்தும் லினக்ஸ் ஏற்கவே இல்லை.

கிடங்குத் தரையில் சுண்ணாம்புக் கோடுகள் உண்டு. கோடு தப்பி அடுக்கினால் மேஸ்திரி மூட்டைகளை இறக்கச் சொல்லிவிடுவார். சாகுல் அதைக் காட்டி, “அண்ணே, டிஸ்க்கும் அந்த மேஸ்திரி மாதிரித்தான். ஐநூத்திப் பன்னெண்டால மீதியில்லாம வகுபடுற நம்பர் உள்ள எடத்துல நம்ம மெமரி ஆரம்பிக்கணும்” என்றான். கூடுதலாக மெமரி கேட்டு வாங்கி, தொடக்கத்தைக் கோடு வரை நகர்த்தினான். டிஸ்க் எழுதியது. எனக்கு வயிறு எரிந்தது.

முதலாளி முன் ஓட்டிக் காட்டினான். எடைகள் எல்லாம் பதிந்தன; முடியும் நேரத்தில் புரோகிராம் படுத்துவிட்டது. உள்ளுக்குள் நான் குதித்தேன். அவனோ சிரித்துவிட்டான். “தப்பு என்னோடதுதான் மொதலாளி! வாங்குன எடத்தத் திருப்பிக் குடுக்காம, நகத்துன எடத்தக் குடுத்துட்டேன்.” அங்கேயே திருத்தினான்.

“தப்ப ஒத்துக்கிற ஆளுகிட்ட நம்பிக் குடுக்கலாம்ப்பா” என்று முதலாளி பொறுப்பை அவனிடமே கொடுத்தார். தப்புச் செய்தும் பேர் வாங்கியவனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அந்தத் தொடக்க இடத்துக்கு எங்கள் அலுவலகத்தில் ‘சாகுல் கோடு’ என்றே பெயர் நிலைத்தது. நான் வேறு பெயர் சொல்லிப் பார்த்தேன், யாரும் சட்டை செய்யவில்லை.

கம்பத்தில் அவனை அடக்கம் செய்துவிட்டு வேலைக்குத் திரும்பியதும், புதிதாகச் சேர்ந்த பெண் வந்து நின்றாள். “சார், ஃபைல் எழுத மாட்டேங்குது.”

“சாகுல் கோட்டுல ஆரம்பிக்குதான்னு பாரும்மா” என்றேன், என் வாயாலேயே.

அந்தக் கோட்டை வைத்துக்கொள்கிறேன். பொறாமையும் அப்படியே இருக்கிறது சாகுல். அதை இனி நான் யார்மேல் கொள்வதடா?