சேப்புப் பொட்டி

மெர்லினுக்கு முப்பத்திரண்டு வயசு. கூடப் படித்தவளுக்கெல்லாம் கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறது; இவள் மட்டும் கள்ளக்குறிச்சியில் ஒற்றை ரூமில் லேப்டாப்போடு குடித்தனம். உளவியலில் பி.எச்.டி. அந்தப் பட்டம் ஒரேயொரு கட்டுரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் ஒன்றும் பெரிசில்லை. திரையில் இரண்டு பெட்டி, சிவப்பும் நீலமும். தொட்டால் சில சமயம் மிட்டாய் படம் வரும், சில சமயம் வராது. சிவப்பில்தான் ஜாஸ்தி வரும். அதைத் தொட்டுத் தொட்டுத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். யார் எவ்வளவு சீக்கிரம் கற்கிறார்கள் என்பதை மெர்லின் ஒரு கணக்கு மாடலில் பொருத்தி எண்ணாக்குவாள். மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலும் கீழே கள்ளக்குறிச்சியிலும் பெண்களை உட்கார வைத்துப் பார்த்தாள். வெள்ளிமலைப் பெண்கள் கள்ளக்குறிச்சிப் பெண்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று ஒரு எல்லை போடுவார்கள், நம்பிக்கை இடைவெளி என்று பெயர். அது பூஜ்ஜியத்தின் பக்கமே வரவில்லை, அதாவது வித்தியாசம் நிஜம். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ந்து கொண்டாட ஆளில்லாமல் தனக்குத்தானே பரோட்டா பார்சல் வாங்கிக்கொண்டாள்.

கட்டுரையை அனுப்பிய ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? வேறு ஆட்களை வைத்து இன்னொரு தடவை செய்து காட்டு என்றார்கள். செய்தாள். வித்தியாசம் போன இடம் தெரியவில்லை. இடைவெளி பூஜ்ஜியத்தின் இரண்டு பக்கமும் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தது.

மலைக்கு பஸ் ஏறினாள். முதல் தடவை சோதனைக்கு வந்திருந்த செல்லியம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, போன வாட்டி எல்லாரும் சட்டுனு புடிச்சிட்டீங்க. இந்த வாட்டி ஏன் இப்டி திணறுறாங்க?"

"பின்ன இன்னா? இந்த வாட்டி நீ வூடு வூடாப் போயிட்ட. அப்ப சமுதாயக் கூடத்துல வரிசையா இல்ல ஒக்காந்துகினு இருந்தோம்! மொதல்ல போனவ வெளிய வந்து 'சேப்புப் பொட்டியத் தொடுடி'ன்னா. அப்புறம் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கினோம்."

அடக் கடவுளே! கள்ளக்குறிச்சிக்காரிகள் ஒவ்வொருத்தியாகத் தனியே வந்து போனவர்கள், அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஆளுக்கு ஆள் நிறத்தை மாற்றி வைத்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போச்சோ.

"ஏங்க்கா சொன்னீங்க?"

"உள்ள தனியா ஒக்காந்துகினு முழிப்பாளே, பாவம்னுதான். தப்பா கண்ணு?"

"தப்பில்லக்கா" என்றாள்.

பஸ்ஸுக்கு நிற்கையில் அவளுடைய கைடு மணிமொழி மேடம் போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரெண்டு டேட்டாவையும் ஒண்ணாப் போட்டு ஃபிட் பண்ணும்மா, வித்தியாசம் வந்துடும். யார் தோண்டிப் பாக்கப் போறாங்க?" என்றார்.

வரும்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

"அது அவங்க கத்துக்கிட்டது இல்ல மேடம். பக்கத்துல இருந்தவங்க சொல்லிக் குடுத்தது."

"அப்ப உன் இஷ்டம். மறுபடி மொதல்லேருந்துதான்" என்று மேடம் வைத்துவிட்டார்.

ரூமுக்கு வந்ததும் எழுதினாள்: முதல் முடிவு செல்லாது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். அனுப்பும் பட்டனுக்கு மேலேயே விரல் நின்றது. வெளியே ஒருத்தி நின்று, 'தொடுடி' என்று ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தே பார்த்துவிட்டாள். மாடிப்படியில் யாரும் இல்லை.

திரும்பி வந்து, தானாகவே தொட்டாள்.