அடிக்கஞ்சிக்கு நின்ற நாள்

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் எங்கள் டாக்டரம்மாவைப் பற்றி நானேதான் எழுத வேண்டும். வேறு யார் எழுதினாலும் கரண்டியை விட்டுவிடுவார்கள்.

அவர் யூதப் பெண். ஐரோப்பாவில் சண்டை நடந்தபோது ஜெர்மன்காரர்கள் அவர் ஊரைப் பிடித்து, யூத சனங்களை நாலு தெருவுக்குள் அடைத்துச் சுவர் எழுப்பினார்களாம். உள்ளே இருந்தவர்களே கூடி, இருக்கிற வீட்டில் வாங்கி, இல்லாத வீட்டுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். கரண்டி பிடித்தவர்களில் இவரும் ஒருத்தர். தனியாளாய்த் தப்பி, எப்படியோ திருச்சிக்கு வந்து சேர்ந்தார். இதெல்லாம் வெகுகாலம் கழித்து என் அம்மா சொல்லித்தான் தெரியும்.

காவிரி ஊருக்குள் வந்த வருஷம் எனக்குப் பத்து வயது இருக்கும். ஸ்ரீரங்கத்து வீட்டில் இடுப்பளவு தண்ணீர். பொன்மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருந்தோம். தம்பிக்குக் காய்ச்சல், முந்தின நாளிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. டாக்டரம்மா கஞ்சி ஊற்றுகிறார் என்று அம்மா தூக்குச்சட்டியைக் கொடுத்து அனுப்பினாள்.

வழியில் சித்தப்பா மறித்தார். "முன்னாடி நிக்காதே கண்ணு, வெறும் தண்ணிதான் வரும். பருக்கையெல்லாம் அடியில. கடைசியா நில்லு."

வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டேன். நல்ல பிள்ளை என்று ஒரு பாய் வீட்டம்மா கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

டாக்டரம்மாவோ ஒவ்வொருத்தருக்கும் கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றித்தான் மொண்டார்.

"மேலாக மொண்டு ஊத்துங்கம்மா, கை விட்டுப்போயிடும்" என்றார் சமையல்காரர்.

"முதல் ஆள், கடைசி ஆள், ஒரே கஞ்சி" என்றார் அவர். சுற்றுவதை நிறுத்தவில்லை. அப்படி ஒரு கையை அப்புறம் நான் எங்கேயும் பார்த்ததில்லை.

என் முறை வந்தபோது அண்டா காலி. தூக்கை நீட்டியபடியே நின்றேன்.

"யாருக்கு?"

"தம்பிக்குங்க. நேத்திலேர்ந்து சாப்பிடலை."

"ஏன் கடைசியா வந்தே?"

சித்தப்பாவைக் காட்டிக்கொடுத்தேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "எங்க ஊர்லயும் இதே சித்தப்பா இருந்தார்" என்றபடி, தனக்கென்று மூடி வைத்திருந்த டம்ளரைத் தூக்கில் கவிழ்த்தார்.

தம்பி ஒரு சொட்டு விடவில்லை.

தூக்கைக் கழுவப் போனபோது, டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கரண்டியை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

"வெள்ளைக்காரம்மாவுக்கு நம்ம கஞ்சி ருசி பிடிச்சுப்போச்சு" என்றார்.

நானும் நம்பினேன். எங்கள் ஊர்க் கஞ்சி அவ்வளவு ருசி என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.