எங்க ஊட்டையே கலக்குன இங்கிலீசு கேசட்

பட்டன அமுக்குனா 'டொக்'னு ஒரு சத்தம்... கொஞ்ச நேரம் 'ஸ்ஸ்ஸ்'னு வெறும் காத்து. அப்பறந்தான் கிட்டார் ஆரம்பிக்கும்.

எண்பதுகளோட கடைசி. எங்களுக்குச் சங்ககிரி பக்கம் தோட்டம். அண்ணன் ரிக் லாரி வெச்சு ஊரூராப் போயி போர்க்கெணறு போட்டுட்டு இருந்தாரு. நான் தெனம் பஸ் ஏறி சேலத்துக்குக் காலேஜ் போயிட்டிருந்தேன். எங்க ஊருல இருந்து காலேஜுக்குப் போன மொதல் பொண்ணு நாந்தான். அதனால ஊரே எம்மேல ஒரு கண்ணு வெச்சிருந்துச்சு.

கூடப் படிச்ச ஸ்டெல்லா ஒரு கேசட் குடுத்தா. அவ மாமா பெங்களூர்ல பதிஞ்சு கொண்டாந்தது. மேல பாடுனவர் பேருகூட இல்ல. இப்ப அந்த மாதிரிப் பாட்டுக்கு ஆல்டர்நேட்டிவ் ராக்னு பேரு சொல்றாங்க. அன்னிக்கு எங்களுக்கு அது இங்கிலீசு பாட்டு, அவ்ளோதான்.

மொதல் தடவ சுத்தமா புடிக்கல. தொண்ட கட்டுனாப்புல கரகரன்னு ஒரு ஆம்பளக் குரல். பாடறாரா, பொலம்பறாரான்னே தெரியல. பாதியில நிறுத்திட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் கடலக்காய் புடுங்கப் போயிருந்தாங்க. நான் மூட்ட அடுக்குற ரூம்புல உக்காந்து துணி மடிச்சிட்டே கேசட்டோட ரெண்டாவது பக்கத்தப் போட்டேன்.

அதுல ஒரு பாட்டு... கிட்டாரெல்லாம் நின்னு போயி அவரு குரல் மட்டும் தனியா வரும். ஒரு எடத்துல அந்தக் குரல் ஒடஞ்சிரும். ஒடஞ்சத மறைக்காம அப்படியே பாடுவாரு.

எனக்கு என்னமோ ஆயிருச்சு.

காலேஜுல இங்கிலீசு பேச வராம வாய மூடி உக்காந்திருப்பேன். ஊருக்கு வந்தா 'படிக்கற புள்ள'ன்னு கூட வெளையாண்ட பழைய சேத்தாளுங்க தள்ளி நிப்பாங்க. அங்கயும் ஒட்டல, இங்கயும் ஒட்டல. அத யாருகிட்டயும் சொல்லத் தெரியாம இருந்தேன்... இந்த மனுசன் எனக்காகச் சொல்றாப்புல இருந்துச்சு. மடிச்ச துணியிலயே மூஞ்சியப் பொத்திட்டு அழுதேன். அழுது முடிச்சா மனசு அவ்ளோ லேசா இருந்துச்சு.

அப்பறம் தெனமும் அதே கதைதான். காலேஜ் உட்டு வந்ததும் ரூம்புக் கதவச் சாத்திக்குவேன். கொழம்புல ரெண்டு தடவ உப்புப் போட்டேன். கூப்புட்டா காது கேக்காது. நானே சிரிச்சுக்குவேன்.

அம்மா எல்லாத்தையும் பாத்துட்டேதான் இருந்திருக்காங்க. ஒரு நாள் தல பின்னி உடறப்ப மெதுவாச் சொன்னாங்க.

"வெள்ளிக்கெழம ராசிபுரத்துல இருந்து உன்னப் பாக்க வர்றாங்க கண்ணு. படிச்ச வரைக்கும் போதும்னு அப்பா சொல்லிட்டாரு."

எனக்குத் திடீர்னு எதுக்குன்னே புரியல.

அன்னிக்குப் பொழுது சாயறப்ப அப்பா வாசல்ல கட்டில்ல உக்காந்து கூப்புட்டாரு. பக்கத்துல அண்ணன், மொறச்சுட்டு.

"ஏஞ்சாமி... மனசுல யாராச்சும் இருந்தாச் சொல்லிரு. அப்பன் அடிக்க மாட்டேன்."

"அப்படி யாருமில்லீங்ப்பா."

"அப்பறம் எதுக்குக் கதவச் சாத்திட்டு அழுவற?" அண்ணன் கத்துனாரு. "உள்ள ஆம்பளக் கொரலு கேக்குதுன்னு அம்மா சொல்றாங்க!"

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு.

"அது... பாடறவருங்ப்பா."

அம்மா தலையில கை வெச்சு உக்காந்துட்டாங்க. "பாட்டுக்காரனா! எந்த ஊருடி?"

"தெரியலீங்மா. வெள்ளக்காரருங்க..."

"ஐயோ, வெள்ளக்காரனாம்ங்க!"

நான் உள்ள ஓடி டேப் ரெக்கார்டரத் தூக்கிட்டு வந்து, கட்டில் மேல வெச்சுப் பட்டன அமுக்குனேன்.

நாலு பேரும் கேட்டோம். அந்தக் குரல் ஒடயற எடம் வந்துச்சு. அம்மா என்னப் பாத்தாங்க, டேப்பப் பாத்தாங்க... "இந்தக் கரகரப்புக்காடி நாங்க சோறு திங்காமக் கெடந்தோம்?"னு சிரிக்க ஆரம்பிச்சாங்க. சிரிச்சுட்டே முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. அண்ணன் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. தோளு மட்டும் குலுங்குது.

அப்பா சிரிக்கல. பாட்டு முடியற வரைக்கும் கேட்டாரு.

"என்ன சொல்றாரு சாமி இந்தாளு?"

"பாதிதான் புரிஞ்சுதுங்ப்பா. ஊட்ட உட்டு வெளிய போனவரு... போன எடத்துலயும் சேத்துக்கல, திரும்பி வந்தா ஊடும் வேத்து எடமாத் தெரியுதுன்னு..."

"அதுக்கு நீ எதுக்கு அழுவற?"

அன்னிக்குத்தான் சொன்னேன். கிளாஸ்ல வாய் தொறக்காதது, பஸ்ஸுல தனியா உக்காந்து வர்றது, எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

அப்பா டேப்ப அமுக்கி நிறுத்துனாரு. அப்பறம் அண்ணங்கிட்டத் திரும்பி, "ராசிபுரத்துக்காரங்களுக்கு இப்ப வரவேண்டாம்னு ஆளு உட்டுச் சொல்லிப்போடு. புள்ள படிக்குது"ன்னாரு.

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி தின்ன சோத்து ருசி இன்னும் நாக்குல இருக்குது... அம்மாவும் ரெண்டாவது தடவ போட்டுத் தின்னாங்க. அடுத்த வாரம் அண்ணன் ரிக்கோட போன ஊருல இருந்து புது பேட்டரி வாங்கிட்டு வந்து, ஒண்ணும் பேசாம டேப் பக்கத்துல வெச்சுட்டுப் போனாரு.

டிகிரி முடிச்சேன். வேலைக்கும் போனேன். கல்யாணம் அதுக்கப்பறந்தான்.

போன மாசம் மக அந்தக் கேசட்டுப் பாட்டப் போனுக்குக் கேக்க உட்டு, ஆல்பத்தத் தேடிக் குடுத்தா. பாடுனவர் பேரு, போட்டோ எல்லாம் இருக்குது. நெத்தி ஏறுன சாதாரண மனுசன்... பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு.

இப்பல்லாம் எங்க ஊட்டுல ஆளுக்கொரு பாட்டு, ஆளுக்கொரு இயர்போன். யாரையும் யாரும் சந்தேகப்படறதில்ல, அந்த வரைக்கும் நிம்மதிதான்.

ஆனா ரூம்புக்குள்ள ஒருத்தரு அழுதா, மத்தவங்களுக்கு அது கேக்கறதில்லீங்க.