ஜெசிந்தா டீச்சர் சொல்லாத பெயர்

ஜெசிந்தா டீச்சரின் எண் கைபேசியில் தெரிந்தால் எடுக்கும் முன்பே என் கால் செருப்பைத் தேடும். கடந்த சில மாதங்களாக அந்த எண்ணிலிருந்து வந்த அழைப்புகள் பெரும்பாலும் ஒரே செய்தியைத்தான் கொண்டுவந்தன: "சார், வண்டி நிக்குது." போன வாரம் ஒரு நாள் காலையில் அந்த எண் தெரிந்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். எடுத்ததும், "எந்தப் பக்கம் நிக்குது டீச்சர்?" என்று கேட்டேன். மறுமுனையில் பேசியது அவருடைய தம்பி சேவியர்.

"வண்டியெல்லாம் ஒண்ணும் நிக்கல சார். அக்கா போயிருச்சு. காபி போட எந்திரிக்கலையேன்னு போய்ப் பாத்தேன்."

எனக்கு முதலில் துக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது பயம். அது ஏன் என்று சொல்லாமல் டீச்சரைப் பற்றி எழுத முடியாது. அவரைத் தெரிந்தவர்கள், குறிப்பாகச் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்துபோனவர்கள், இதை வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற பிறகு, திண்டுக்கல்லில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் அவர் வாசிப்புக் கூட்டம் நடத்தினார். அங்கே படித்தது முழுக்க மாயக் கதைகள். பூதங்கள், சாபத்தில் கல்லாகிப்போன அரண்மனைகள், உயிரைக் கிளிக்குள் ஒளித்துவைத்த மந்திரவாதிகள். வெளிநாட்டுப் பெரிய ஃபேன்டஸி நாவல்களை அவர் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்து தமிழில் சொல்லுவார். நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்துக்கு நாலு வரிச் செய்தி எடுக்கப் போன நான், செய்தி வந்த பிறகும் போய்க்கொண்டிருந்தேன்.

இத்தனை பூதங்களோடு புழங்கியவர் எல்லாவற்றுக்கும் பயப்படுவார். பேருந்து நிலையத்துக்கு எதிரே சாலையைக் கடக்க யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாடிப்படியில் பூரானைப் பார்த்த நாளில் கூட்டமே தாமதமாகத் தொடங்கியது. கூட்டத்துக்கு வரும் நர்சிங் மாணவி ஒருத்தி கேலி செய்தாள்: "பூதத்துக்குப் பயப்படாம பூரானுக்குப் போயி பயப்படுறீங்களே டீச்சர்!"

"பூதம் கதைக்குள்ள இருக்கும்மா. பூரான் என் செருப்புக்குள்ள இருக்கே" என்றார் டீச்சர். சிரிப்பு அடங்கியதும், "பயமில்லாதவங்களுக்கு இந்தக் கதைங்க எதுக்கு? அவங்க வேற எதாச்சும் படிக்கட்டும்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திறந்தார்.

மலைமேல் இருக்கும் பூதம் நாளுக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருவரைக் கேட்கும் கதை எல்லா தேசத்திலும் உண்டு. அதை ஒரு நாள் சொல்லிவிட்டு, இதில் தப்பு யார்மேல் என்று கேட்டார். "பூதத்து மேலதான், வேற யாரு?" என்றார் புகையிலைக் கடை வைத்திருக்கும் ஒருவர்.

"பூதம் பூதமாத்தான் இருக்கும். அதுக்கு வேற தெரியாது. இன்னைக்கு உங்க வீடு, நாளைக்கு எங்க வீடுன்னு முறை போட்டுக் குடுத்தாங்களே ஊர்க்காரங்க, அவங்களப் பத்தி ஏன் ஒருத்தரும் பேச மாட்டேங்கறீங்க?"

"முறை போட்டாத்தான டீச்சர் மத்தவங்க பொழைக்க முடியும்?"

"ஆமாய்யா. அதான் எனக்குப் பயமே. அவங்க சொல்றது ஞாயமாத்தான் படுது."

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதை எழுதுகிறவர்கள் அதைப் பெயர் போடாமல் வாசலருகே இருக்கும் ஒயர் கூடையில் போட்டுவிட வேண்டும். வேறொருவர் எடுத்து வாசிப்பார். எழுதியவர் மற்றவர்களோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். "பேர் தெரிஞ்சா கதையை விட்டுட்டு ஆளைப் படிப்பீங்க" என்பது டீச்சர் சொன்ன ஒரு காரணம். இன்னொன்றும் சொல்லுவார். உண்மைப் பெயரை அறிந்தவன் கையில் ஆள் சிக்கிவிடுவான் என்பது மாயக் கதைகளின் பழைய விதி. "உச்சி வெயில்ல யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிட்டா, மூணு தரம் கூப்பிடட்டும், அப்பறம் ஏன்னு கேளுன்னு நம்ம வீட்டுல சொல்லுவாங்கள்ல? அதே பயந்தான்."

ஆண்டுக்கு ஒருமுறை நல்ல கதைகளைச் சேர்த்து, ஒளிநகல் எடுத்துச் சிறு நூலாகத் தைப்போம். கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்தவன் நான். ஒரு கதையில் எனக்குச் சில வரிகள் புரியாததால், எழுதியவரைக் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்து டீச்சர் என்னிடம் அழைத்துவந்தார். அந்த வகையில் அந்தப் பெயர் எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா என்பதைக்கூட நான் இங்கே சொல்லப்போவதில்லை.

கதை இதுதான். ஓர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. ஆட்டுக்குட்டி அளவில் ஒரு பூதம் வந்து, அந்தக் கரட்டிலிருந்து தின்ன ஒரு கல் கேட்கிறது. "ஒண்ணே ஒண்ணுதான்." ஒரு கல்தானே என்று ஊர் விடுகிறது. மறுநாளும் ஒண்ணே ஒண்ணு. பூதம் வளர்கிறது, கரடு குறைகிறது. ஒவ்வொரு கல்லையும் தின்பதற்கு முன் பூதம் அதன்மேல் பால் ஊற்றிக் கண்ணை மூடிக் கும்பிடும். கடைசிக் கல்லும் தீர்ந்த பிறகு ஊரைப் பார்த்துத் திரும்பி, அதே குரலில், அதே சொல்லைச் சொல்கிறது.

பாறைக்கு வெடி வைப்பதற்கு முன் பால் ஊற்றிக் கும்பிடுகிற குவாரிக்காரர் ஒருவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். அவர் குவாரி இருக்கும் கரட்டைப் பற்றி முன்பு மனு கொடுத்த ஒருவருடைய வைக்கோல் போர் எரிந்துபோனது. தீ வைத்தது யார் என்று நிரூபணம் ஆகவில்லை. செய்தியிலும் அப்படித்தான் எழுதினேன். அதனால்தான் இங்கே அவர் பெயரும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அந்தக் குவாரிக்காரர் மாடி ஏறி வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கையைக் கூப்பிக்கொண்டே உள்ளே வந்தார். கூட வந்த இருவர் படியில் நின்றார்கள். அவர் பேச்சு ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பேச்சு. ஒவ்வொரு சொல்லிலும் மரியாதை.

"வணக்கமுங்க டீச்சர். கதை படிச்சனுங்க. அருமையா இருந்துச்சு. எழுதுனவருக்கு ஒரு பொன்னாடை போத்தலாம்னு வந்தனுங்க."

"இங்க பேர் போடுற வழக்கம் இல்லைங்க."

"போட வேண்டாமுங்க. எங்காதுல சொல்லிப்போடுங்க, நாம்பாட்டுக்குப் போயிருவனுங்க. பேரு ஒண்ணே ஒண்ணுதானுங்களே!"

அந்தச் சொல்லை அங்கே எல்லாரும் ஏற்கெனவே ஒரு கதையில் கேட்டிருந்தோம். எழுதியவர் அன்று அறையில் இருந்தாரா என்று கேட்காதீர்கள்.

டீச்சர் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். வைக்கும்போது அது மேசையில் தடதடவென்று அடித்துக்கொண்டது. "தெரியும்ங்க" என்றார். "சொல்ல மாட்டேன்."

குவாரிக்காரர் சிரித்தார். "கை இந்த நடுங்கு நடுங்குதே. இத்தனை பயத்தை வெச்சுக்கிட்டு எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்?"

"நான் பூரானுக்கே பயப்படுறவங்க. வேணும்னா இவங்கள எல்லாம் கேட்டுப் பாருங்க."

குவாரிக்காரர் கையோடு கொண்டுவந்திருந்த எங்கள் நூலைப் புரட்டி என் பக்கம் நீட்டினார். கடைசிப் பக்கத்தில், 'தட்டச்சு' என்று போட்டு என் பெயர் இருந்தது. அந்த நூலில் அச்சான ஒரே பெயர் அது. "உங்க பேரு மட்டும் இருக்குதுங்களே சார்" என்றார். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் வீட்டுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கத் தொடங்கியது. யாரும் ஒன்றும் சொல்வதில்லை, செய்வதுமில்லை. கொஞ்ச நேரம் நிற்கும், போய்விடும். காவல் நிலையத்தில் சொன்னோம். தெருவில் வண்டி நிறுத்துவது குற்றமில்லை என்றார்கள். அது உண்மைதான். டீச்சர் பால் வாங்க வெளியே வருவதை நிறுத்தினார். துணிகளை உள்ளேயே உலர்த்தினார். சனிக்கிழமைகளில் மட்டும் சேவியர் ஆட்டோவில் ஏற்றிவிட, வந்து கதை படித்தார்.

ஒரு மாலை, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும் ஓரமாக அழைத்துப் போனார். "நேத்து அந்தப் பேரச் சொல்லிரலாம்னு போனைக் கையில எடுத்துட்டேன் சார்" என்றார்.

"எடுத்துட்டு?"

"அவரு நம்பர் எங்கிட்ட இல்லையே!" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இருந்திருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா சொல்லிட்டேன்னு வைங்க, அடுத்த சனிக்கிழமை எழுதுனவங்க முன்னாடி எந்தக் கதைய எடுத்துப் படிப்பேன்? முறை போட்ட ஊரு கதையவா?"

அன்று அவர் நிறையப் பேசினார். "கிளிக்குள்ள உயிரை ஒளிச்சு வச்சானே, ஏன் வச்சான்? பயம் சார். பயப்படாத அரக்கன் நான் படிச்ச எந்தக் கதையிலயும் இல்ல. ஒரு ஒளிநகலுக்குப் பயந்து அந்தக் குவாரிக்காரரு மாடி ஏறி வந்திருக்காருல்ல?"

"அப்ப நாம ஜெயிச்சிருவமா டீச்சர்?"

"கதைல ஜெயிப்பாங்க. இங்க எனக்குத் தெரியல. ஆனா ஒண்ணு, பயத்தைத் தனியா வச்சிக்கிட்டா அது வீடு கொள்ளாம வளந்துரும். நாலு பேர்கிட்ட சொல்லி வைங்க."

அவருக்கு இதய வால்வில் பழைய கோளாறு உண்டு. மருத்துவர் அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். பயம்தான் கொன்றது என்று இறுதி ஊர்வலத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது தெரியாது. வாழ்நாள் முழுக்கப் பயந்தவர் என்பதும், பயந்துகொண்டே சனிக்கிழமை தவறாமல் வந்தவர் என்பதும் தெரியும்.

கல்லறைத் தோட்டத்துக்குக் குவாரிக்காரர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். சாமியார் செபம் முடித்ததும் குழியருகே போய், கண்ணை மூடிக் கும்பிட்டு, ஒரு பிடி மண் போட்டார். கதையைக் கேட்டவர்கள் அங்கே பலர் இருந்தார்கள். யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான் வெளியே வரும்போது குவாரிக்காரர் வாசல் கம்பிக் கதவருகே நின்றிருந்தார். "பாவமுங்க டீச்சர். அவங்க கையோட கொண்டுபோயிட்டாங்க. இனி உங்ககிட்டத்தானுங்க இருக்குது" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பேரு ஒண்ணே ஒண்ணுங்க சார்."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் அதுதான் தயாராக இருந்தது. தொடை நடுங்கியதில் கதவைப் பிடித்துக்கொண்டேன், கம்பி கிடுகிடுத்தது. என் வாயிலிருந்து வந்தவை என் சொற்கள் அல்ல.

"தெரியும்ங்க. சொல்ல மாட்டேன்."

"நீங்களுமா சார் நடுங்கறீங்க?" என்று சொல்லி, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பயத்தை நாலு பேரிடம் சொல்லி வைக்கச் சொன்னார் டீச்சர். அதனால் சொல்லிவிட்டேன். கூட்டம் வருகிற சனிக்கிழமையும் உண்டு. ஒயர் கூடை வாசலருகே இருக்கும். எழுதியவரும் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கூடையில் அவர் கையெழுத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை இருந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு வண்டி நின்றது. எழுத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் கேன் போடுகிறவர்.

டீச்சரின் புத்தகங்களைக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார் சேவியர். நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பெயர். அதை எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், வெளியூர் போகிறவன் சட்டைப்பையில் வீட்டுச் சாவியைத் தடவிப் பார்ப்பதுபோல, உள்ளே அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது.