கிராணியார் வீட்டு டைனோசர்

மனிதனும் டைனோசரும் ஒரே காலத்தில் வாழ்ந்ததில்லை என்று படித்தவர்கள் பலரும் நம்புகிறார்கள். வீடு தேடிப்போய்ச் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவன் என்ற முறையில், இந்தப் பிழையைத் திருத்துவது என் கடமை. ஜப்பான்காரன் காலத்தில், ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், இரு தரப்பும் சேர்ந்தே வாழ்ந்தன. என்னைப் போல் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டவர்கள் இதை எளிதில் நம்புவார்கள்.

டி எழுத்து

தோட்டப் பள்ளிக்கூடத்தை மூடியதும் எனக்கு வேலை போயிற்று. வேலையில்லாத ஆண்பிள்ளை என்றால், சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பும் பட்டியலில் முதலில் வருவான். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. பட்டியலை எழுதுகிறவர் தோட்டத்துக் கணக்கெழுதும் எங்கள் கிராணியார். அவருக்கு ஆறு வயதில் பாக்கியம், நாலு வயதில் ராணி என்று இரண்டு பெண்கள். அவர்களுக்கு வீட்டிலேயே பாடம் சொல்ல என்னை அமர்த்திக்கொண்டார்.

வீட்டில் ஆங்கிலப் புத்தகம் இருந்தால் ஆபத்து என்று பயந்து, தம்முடைய கலைக்களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாக அடுப்பில் போட்டுவிட்டார். டி எழுத்துத் தொகுதி மட்டும் அரிசிப் பானைக்கு மூடியாக இருந்ததால் தப்பியது. ஆகவே எங்கள் பாடத்திட்டம் டைனோசரில் தொடங்கியது. புத்தகம் வாசலைத் தாண்டக் கூடாது, பிள்ளைகள் வாயில் ஆங்கிலம் வரக் கூடாது. மண், மாவு, கயிறு கொண்டே எல்லாவற்றையும் கற்பிக்க வேண்டும். நிபந்தனையைக் கிராணியார் தெளிவாகவே சொன்னார்: "பிள்ளைங்க படிக்கிற வரைக்கும் உங்க பேரு லிஸ்டுல வராது வாத்தியாரே. படிக்கலனா எனக்கு வேற வழி இல்ல லா."

ஐந்தாம் மரத்தில் வால்

டைனோசர் எண்பது அடி நீளம் என்றது புத்தகம். வீட்டுக்கு எதிரே ரப்பர் நிரை இருந்தது. முதல் மரத்தில் தலை, ஐந்தாம் மரத்தில் வால் என்று கயிறு கட்டிக் காட்டினேன். பாக்கியம் கயிற்றோரமாக நடந்து போய், திரும்பி வந்து, நெடுநேரம் யோசித்தாள். அது எப்படி மூச்சு விட்டது என்று கேட்பாள் என எதிர்பார்த்துப் பதிலோடு நின்றேன். ஆனால் அவள் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதைப் பார்த்தே வளர்ந்த தோட்டத்துப் பிள்ளை: "இதுக்குப் பால் வெட்ட எத்தன ஆளு வேணும் வாத்தியாரே?"

மாவு மிருகங்கள்

மரவள்ளி மாவைப் பிசைந்து ஆளுக்கு நாலு டைனோசர் செய்யச் சொன்னேன். இலை தின்கிறதுக்குக் கழுத்து நீளம், கறி தின்கிறதுக்குப் பல் பெரிது. இரண்டு வகையையும் பிரித்து முறத்தில் காய வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் முறத்தில் ஒரு வகைதான் இருந்தது. அரிசி கண்ணில் படாத காலம். கிராணியார் மனைவியைக் குறை சொல்ல முடியாது. அந்த அம்மா முறத்தை என் பக்கம் நகர்த்தினார்: "எலை தின்னுறத நாங்க அவிச்சுச் சாப்பிட்டோம். கறி தின்னுறது உங்களுக்குத்தான் வச்சிருக்கேன்."

செத்ததும் நடப்பதும்

மரத்தில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை உருட்டி, முறம் அகலத்துக்கு மூன்று விரல் பாதம் ஒன்று செய்தோம். ஓடையோரத்து மரவள்ளிக் காட்டில் மண் ஈரமாக இருந்தது. பிள்ளைகள் வரப்பில் நின்றபடியே அதை அமுக்கி, ஆறு தடம் பதித்தார்கள். அழிக்க மறந்தேன். தினமும் பெய்கிற மழை அன்றைக்கென்று பெய்யவில்லை.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் களை வெட்டப் போனவர்கள், மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். அந்த மரவள்ளி ஜப்பான் பட்டாளத்துக்கானது. கிராணியார் என்னை ஒருமுறை பார்த்தார். பட்டியல் அவர் சட்டைப் பையில் இருந்தது. நான் அவசரமாக, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியிடம் போய், இந்த மிருகம் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே செத்துப் பூண்டோடு அழிந்தது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆதாரத்தோடு விளக்கினேன். கங்காணி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செத்துப் போனது நடமாடுது. அதத்தான வாத்தியாரே நாங்களும் சொல்றோம்."

மறுபடியும் பாடம்

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஜப்பான் அதிகாரி வந்துவிட்டார். தடத்துக்குள் தம் சப்பாத்துக் காலை வைத்துப் பார்த்தார். பிறகு தடங்களை எண்ணினார். பயிரை மிதிக்கிற மிருகத்துக்குக் காவல் போட வேண்டும், ஒரு தடத்துக்கு ஓர் ஆள், காவல் ஆட்களைச் சயாமுக்கு அனுப்பக் கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் வழியே உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அவர் அதைப் பன்றி என்று நினைத்தாரா, புலி என்று நினைத்தாரா, அல்லது எல்லாம் தெரிந்துதான் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் கிராணியார் கூப்பிட்டு அனுப்பினார். துணிமணியைக் கட்டி எடுத்துக்கொண்டே போனேன். அவர் சன்னலைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒட்டுப்பால் பாதத்தை இழுத்து என் கையில் வைத்தார். "நாளைக்கு அந்தக் கால் பாடத்த இன்னொரு தடவ நடத்துங்க வாத்தியாரே. இந்தத் தடவ கொஞ்சம் தூரமா நடக்கட்டும்."

மறுநாள் பதினொரு தடம் புதிதாக விழுந்தது. அந்த மாதம் சயாமுக்குப் போன லாரியில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பதினேழு பேர் குறைந்தார்கள்.